முதல் காப்பு

20-1-1962

பிலாய் இரும்பு ஆலையில் வேலை பார்க்கும் பேரன் சிரஞ்சீவி கண்ணுச்சாமிக்கு அப்பத்தா முத்துப்பேச்சி எழுதிக்கொண்டது. நான் இங்கன நன்றாக இருக்கிறேன். அங்கன குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் எனக்கு யோசனை.

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. தபால்காரர் புது ஆள். கவரை நீட்டிக்கொண்டே, வாசிச்சுக் காட்டணுமா பெரியம்மா என்று கேட்டார். நான் அஞ்சாம் வகுப்பு படித்தவள், இந்த ஊர்க் கடுதாசிக்கெல்லாம் நான்தான் வாசிக்கிற ஆள், நீங்க வெயிலுக்கு முன்னே அடுத்த ஊர் போய்ச் சேருங்க என்றேன். பாவம், முகம் சுண்டிப்போனது. மோர் கொடுத்து அனுப்பினேன்.

இருளாண்டி வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தாய். உன் அப்பன் பெத்தணன் களத்தில் வைத்து இருளாண்டியைக் கைநீட்டி அடித்ததும், அன்றைக்குச் சாயங்காலமே நீ பெட்டியைத் தூக்கினதும் எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. மூன்று வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இருளாண்டி நம் நிலத்தில் கால் வைக்கவில்லை. அவனும் மகன் வெள்ளைத்துரையும் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறார்கள். அவன் பெண்டாட்டி வேலுத்தாய் மட்டும் என்னிடம் வருகிறதை நிறுத்தவில்லை. மத்தியானம் வந்து கொல்லைக் கதவுப் பக்கம் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். நாற்பது வருஷப் பழக்கம். பாதி நாள் இரண்டு பேரும் ஒன்றும் பேச மாட்டோம். நீங்க பேரன்மாரை நம்பித்தான் இருக்கீகளா தாயி என்று கேலி செய்வாள். உன்னைத்தான்டி நம்பி இருக்கேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஊரில் அம்மை போட்டிருக்கிறது. இருளாண்டி வீடு இருக்கிற தெற்குத்தெருவில் ஆறு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்குகிறது. அம்மை குத்துகிறவர் தை பிறந்ததும் ஒரு தடவை வந்தார். பாதிப் பேர் சோளக்காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்கள். நான் முதல் ஆளாகக் கையை நீட்டினேன். வேலுத்தாயையும் இழுத்துக்கொண்டு வந்து குத்த வைத்தேன். வெள்ளைத்துரை பெண்டாட்டி வள்ளித்தாயும் அவள் மகள் மாரித்தாயும் அன்றைக்கு அச்சங்குளத்தில் அவள் தாய் வீட்டில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கு இன்னும் குத்தவில்லை. நாலு வயசு. என்னைப் பார்த்தால், எழுதுற அப்பத்தா என்று கூப்பிடும்.

அடுத்த மாசம் எலெக்சன். டெல்லிக்கு ஒரு சீட்டு, சென்னைக்கு ஒரு சீட்டு. போன தடவை தெற்குத்தெருச் சனம் நம் வண்டியில் ஏறிப்போய் உன் அப்பன் காட்டின பெட்டியில் போட்டார்கள். இந்தத் தடவை ஆளுக்கொரு பெட்டி கிடையாதாம், சீட்டில் முத்திரை குத்த வேண்டுமாம். அவர்களும் இப்போது நம் வேலையாட்கள் இல்லை. வெள்ளைத்துரை கம்பெனி விட்டு வந்து வீடு வீடாக உன் அப்பனுக்கு எதிர்ப் பக்கத்துக்கு ஓட்டுக் கேட்கிறான். நூற்றுப் பதினெட்டு ஓட்டு. உன் அப்பனுக்கு அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்தோம். ஊரில் அம்மை, சனம் கூடினால் பரவும், எங்கள் பக்கம் எலெக்சனைத் தள்ளி வையுங்கள் என்று கலெக்டருக்கு மகஜர். எழுதினது நான்தான். உன் அப்பன் எழுதிவைத்த வக்கீல் தமிழ் எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கிக் கிழித்துவிட்டு நான் எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கு என்று தாசில்தார் கேட்டாராம், எந்த வாத்தியார் எழுதினது என்று. எங்க அம்மா என்று உன் அப்பன் சொன்னானாம். உன் அப்பன் என்னைப் பற்றி வெளியே பெருமையாகப் பேசி நான் கேள்விப்பட்டது இதுதான் முதல் தடவை.

அம்மை பரவக் கூடாது என்பது உண்மைதானே. நான் பொய் ஒன்றும் எழுதவில்லை.

கம்பளி வாங்கிக்கொள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று சொல்ல வந்தேன், நீ இருக்கிறதே வடக்கே.

எப்போதும் உன் நினைப்பாக,
அப்பத்தா முத்துப்பேச்சி


15-2-1962

பேரன் கண்ணுச்சாமிக்கு அப்பத்தாவின் ஆசீர்வாதம். உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். அதற்குள் இன்னொன்று எழுதுகிறேன். எழுதாவிட்டால் இன்றைக்கு நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசாத நாளாகப் போய்விடும்.

மகஜருக்குப் பதில் வந்தது. தேசம் பூராவும் நடக்கிற எலெக்சனை ஒரு ஊருக்காகத் தள்ளி வைக்க முடியாதாம். ஆனால் நம் பள்ளிக்கூடம் தெற்குத்தெருவை ஒட்டி இருப்பதால் ஓட்டுச் சாவடியைப் பக்கத்து ஊருக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு மைல். உன் அப்பனுக்கு அதுவே போதும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் உன் அப்பன் பூசாரி தங்கச்சாமியைக் கூட்டிக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். அம்மன் இந்த வருஷம் முந்திக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டாள், பங்குனி வரை காக்க வைக்கக் கூடாது, மாசியிலேயே அவளுக்குப் பொங்கல் சாட்டி நாள் குறித்துவிடுவோம் என்றான். பூசாரியும், உங்க வீட்டு வார்த்தை இல்லாம சாட்டுக் கொட்டு அடிக்க முடியுமா பெரியம்மா, முதல் காப்பு உங்க கைக்குத்தானே என்றார்.

உனக்குத் தெரியும். அந்தக் காப்பு என் மாமியார் கையிலிருந்து என் கைக்கு வந்தது. ஊர்க் கொட்டு என் ஒரு வார்த்தைக்குக் காத்துக்கொண்டு நிற்கும். கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அம்மை தணிந்தால் நல்லதுதானே என்றும் நினைத்தேன். சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் மாசியில், ஏன் இந்த வாரம் என்று கேட்கவில்லை. மகஜரில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தவள் இதைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொட்டுக்காரன் சுடலை தெருத்தெருவாக அடித்துச் சாட்டினான். அம்மன் வாசலில் என் இடது கையில் முதல் காப்பாக மஞ்சள் கயிறு கட்டினார்கள். அதற்குப் பிறகு தெற்குத்தெருவில் ஒரு வீடு விடாமல் வந்து கட்டிக்கொண்டார்கள். அம்மை போட்ட வீடுகளில் இருந்து வீட்டுக்கு ஒருவர் தள்ளி நின்று கையை மட்டும் நீட்டினார்கள். வேலுத்தாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பதினைந்தாம் நாள் பொங்கல். அதுவரை காப்புக் கட்டினவர்கள் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. கம்பெனிக்கும் போகக் கூடாது. அம்மை போட்ட தெரு ஆட்கள் வர வேண்டாம் என்று கம்பெனியே சொல்லிவிட்டதால் அதற்கு யாரும் வருத்தப்படவில்லை.

நம் வடக்குத்தெருவில் இருந்து கட்டிக்கொள்ள ஒருத்தரும் வரவில்லை. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானமே மிளகாய் எடுக்க என்று எல்லாரும் வண்டி கட்டி ஓடைக்கு அந்தப் பக்கம் பம்புசெட் தோட்டத்துக்குப் போய்விட்டார்களாம். சாட்டுகிற நேரத்தில் எல்லைக்கு வெளியே இருக்கிறவனைச் சாட்டு கட்டாது என்பது நம் ஊர் வழக்கம்.

மறுநாள் காலையில் தெருவில் இறங்கி நடந்தேன். வீடெல்லாம் பூட்டு. கைப்பிள்ளைக்காரிகள்கூடப் போயிருக்கிறார்கள். பாய், தலையணை, அரிசி மூட்டை எல்லாம் வண்டியில் போயிருக்கிறது. மிளகாய் எடுக்கத் தலையணை எதற்கு அய்யா? அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. ஓட்டு நாள் இந்தப் பதினைந்து நாளுக்குள் வருகிறது. தெற்குத்தெரு எல்லையைத் தாண்டாது. வடக்குத்தெரு தோட்டத்தில் இருந்து நேராகச் சாவடிக்குப் போய்விடும்.

எல்லைக்கல் வரைக்கும் போய்க் கூப்பிட்டேன். உன் அப்பன் ஓடைக்கரையில் நின்று, என்ன அம்மா வேணும் என்று கேட்டான். நான் கல்லுக்கு இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். என்னை வைத்துச் செய்துவிட்டாயே பெத்தணா என்றேன். நான் யாரையும் கட்டிப்போடலம்மா, அவுகளாத்தான் கட்டிக்கிட்டாக, நீங்களும்தான் என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்த முகமாகவே சொன்னான்.

இன்னொன்றும் நடந்தது. நேற்று அம்மை குத்துகிறவர் இரண்டாம் தடவையாக வந்தார். சாட்டுப் போட்டாச்சு, ஊருக்குள் ஊசி வரக் கூடாது என்று எல்லையிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்னவன் இருளாண்டி. அவன் சொன்னதில் தப்பில்லை, வழக்கம் அதுதான். எனக்குத் தகவல் வரும்போது அவர் சைக்கிள் போய்விட்டது.

இந்த வடக்குத்தெருவில் இப்போது நான் ஒருத்திதான். சாயங்காலம் விளக்கு ஏற்றினால் எதிர்வீட்டுச் சுவரில் என் நிழல் தெரிகிறது. வேலுத்தாய் மட்டும் மத்தியானம் வருகிறாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

உன் நலத்தை அம்மனிடம் வைத்து,
அப்பத்தா


8-3-1962

என் அய்யா கண்ணுச்சாமிக்கு.

உன் கடிதம் வந்தது. அப்பனுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை அப்பத்தா என்று ஒரே ஒரு வரி. நாலு தடவை வாசித்தேன். வாசிக்கத் தெரிந்ததற்காக முதல் தடவையாக வருத்தப்பட்டேன். நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

ஓட்டுக்கு முந்தின நாள் வேலுத்தாயிடம் சொன்னேன். மாசியில் சாட்டினது அம்மனுக்காக இல்லை, உங்கள் ஓட்டுக்காக என்றேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தாள். துப்பிவிட்டு, எங்களுக்குத் தெரியாதுன்னா நினைச்சீக தாயி என்றாள். வெள்ளைத்துரை கொட்டுச் சத்தம் கேட்ட உடனே சொல்லிவிட்டானாம், இது பெத்தணன் வேலை என்று. பிறகு ஏன் கட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். உங்க மகன் பொய்யாச் சாட்டினாலும் மாரியாத்தா பொய்யாவா வந்திருக்கா, ஆறு வீட்டில பிள்ளைக படுத்திருக்கே என்றாள்.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். என் காப்பை நானே அவிழ்த்து அம்மன் காலடியில் வைத்தேன். கட்டச் சொன்னவள் நான், குற்றம் என்னோடு போகட்டும் என்று சொன்னேன். பூசாரி ஓடி வந்தார். அறுபத்தேழு வயசில் என்னைப் பிடித்து நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

தெற்குத்தெருவுக்குப் போய் நடுவில் நின்று சொன்னேன். முதல் காப்பு அவிழ்ந்துவிட்டது, முதலில் தாண்டுகிறவள் நான், வருகிற குற்றம் என் தலைக்கு, என் பின்னால் வாருங்கள் என்றேன். எல்லாரும் எல்லைக்கல் வரைக்கும் வந்தார்கள். ஆணும் பெண்ணும் நூறு பேருக்கு மேல். எனக்கு அப்போதும் பெருமைதான் அய்யா. என் வார்த்தைக்கு ஊர் இன்னும் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

நான் கல்லைத் தாண்டினேன். ஓடைக்குள் இறங்கி ஏறித் திரும்பிப் பார்த்தேன்.

ஒருத்தரும் தாண்டவில்லை. வெள்ளைத்துரை முன்னால் நின்றான். இந்த எலெக்சனுக்காக அவன் நடந்த நடை உனக்குத் தெரியாது, செருப்புத் தேய்ந்துபோனது. ஒரு காலை எடுத்தான். அப்போது வள்ளித்தாய் கையில் ஒரு கொத்து வேப்பிலையோடு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். இரண்டு நாளாக மாரித்தாய்க்குச் சூடு, அன்று காலையில்தான் முத்துத் தெரிந்திருக்கிறது. எடுத்த காலை அவன் இந்தப் பக்கமே வைத்துவிட்டான்.

வேலுத்தாய் மட்டும் வாயைத் திறந்தாள். நீங்க கட்டச் சொல்லிக் கட்டினோம் தாயி, ஆனா இது உங்க வீட்டுக் காப்பு இல்ல, அவுக்கச் சொல்ல நீங்க யாரு என்று கேட்டாள். நாற்பது வருஷத்தில் அவள் என்னிடம் சத்தமாகப் பேசினது அது ஒன்றுதான். சத்தம்கூட இல்லை, ஓடை நடுவில் இருந்ததால் கொஞ்சம் உரக்கச் சொன்னாள், அவ்வளவுதான்.

திரும்பிப் போகலாமா என்று நின்றேன். திரும்பினாலும் காப்பு இல்லாதவள்தான். சாவடிக்கே நடந்தேன். இரண்டு மைலும் ஒற்றையாக. கால் சுட்டது. அங்கே உன் அப்பன் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எங்க அம்மா நடந்தே வந்துட்டாக, வழி விடுங்கப்பா என்றான். பெயர், நம்பர் எழுதின சீட்டைக் கையில் கொடுக்க வந்தவன் என் மணிக்கட்டைப் பார்த்தான். கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் தடம் மட்டும் இருந்தது. விலகிக்கொண்டான். அதே கை விரலில் உள்ளே மை வைத்தார்கள். யாருக்குக் குத்தினேன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உனக்கும் சொல்ல மாட்டேன்.

உன் அப்பன் பக்கம்தான் ஜெயித்தது. எத்தனை ஓட்டில் தெரியுமா? ஆறாயிரத்துச் சொச்சம். தெற்குத்தெரு மொத்தமும் அந்தப் பக்கம் போட்டிருந்தாலும் அவர்கள்தான் ஜெயித்திருப்பார்கள். ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து பூசாரி சொன்னார்.

பொங்கல் நடந்தது. என் இடத்தில் வேறு வீட்டுப் பெண்பிள்ளை நின்றாள். நான் போகவில்லை.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் மாரித்தாய் போய்விட்டது.

நான் எல்லை தாண்டினதால்தான் அம்மன் பிள்ளையை எடுத்துக்கொண்டாள் என்று தெற்குத்தெருவில் பேச்சு. வடக்குத்தெருவிலும் அதே பேச்சு. இரண்டு தெருவும் ஒரே வார்த்தை பேசி நான் பார்க்கிறது இதுதான் முதல் தடவை. நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் கண்ணுச்சாமி, உனக்கு மட்டும் சொல்கிறேன். அவர்கள் சொல்கிற குற்றம் வேறு, நான் செய்த குற்றம் வேறு. ஊசி எல்லைவரைக்கும் வந்தது. அன்றைக்கு ஊர் சாட்டுக்குள் இருந்ததால் திரும்பிப் போனது. அந்தச் சாட்டுக்கு வார்த்தை கொடுத்தவள் நான். இதை வேலுத்தாயிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் அவள் புருஷன்தான் ஊசிக்காரரைத் திருப்பி அனுப்பினான் என்பதும் அதோடு சேர்ந்து வரும். அதனால் அவர்கள் சொல்கிறபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளைத்துரையும் வள்ளித்தாயும் வீட்டைப் பூட்டிக்கொண்டு நாரணாபுரத்துக்கே குடி போய்விட்டார்கள். தெற்குத்தெருவில் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன் அவன் ஒருத்தன்தான். உன் அப்பன் எனக்குச் சோறு அனுப்புகிறான், அவன் வருவதில்லை. தூக்குச்சட்டி வாசலில் வைத்த சத்தம் கேட்கும், போய் எடுத்துக்கொள்வேன். வேலுத்தாய் பதினாறு நாளாக வரவில்லை. மத்தியானம் கொல்லைக் கதவைத் திறந்து வைக்கிறேன். வெற்றிலைப் பெட்டியையும் எடுத்து வைக்கிறேன். பிறகு நானே உள்ளே கொண்டுபோய் வைக்கிறேன். விரல் மை இன்னும் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.

உன்னை வரச் சொல்லி எழுதவில்லை. இப்போது வர வேண்டாம், அம்மை முழுக்க இறங்கட்டும். ஒரே ஒரு காரியம் செய். எனக்கு எழுதாவிட்டால் பரவாயில்லை, வேலுத்தாய் பெயருக்கு ஒரு கடிதம் எழுது. இருளாண்டி பெண்டாட்டி, தெற்குத்தெரு என்று விலாசம் போட்டால் போதும். பிள்ளைக்காக நாலு வார்த்தை எழுது. என்னைப் பற்றி ஒன்றும் வேண்டாம்.

உன் அப்பனிடம் அவள் போக மாட்டாள், இந்த ஊரில் வாசிக்கிற ஆள் நான் என்று தபால்காரரிடம் முன்னமே சொல்லிவிட்டேன், அந்தக் கடிதத்தை வாசித்துச் சொல்ல அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. எடுத்துக்கொண்டு என் கொல்லைக் கதவுக்குத்தான் அவள் வர வேண்டும்.

கொஞ்சம் நீளமாகவே எழுது அய்யா. இரண்டு மூன்று பக்கம் இருக்கட்டும். நான் மெள்ள வாசிப்பேன்.

நீ நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். தோளில் அம்மை குத்தின தழும்பு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்.

உன் அப்பத்தா,
முத்துப்பேச்சி